எந்த வழி, மாப்ளே?

மாமாவின் ரேடியோ கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோவில்பட்டியில் அந்தச் சந்துக்குள் திரும்பினால் முதலில் வறுத்த கடலையும் கொதிக்கிற பாகும் கலந்த வாடை வரும். கடலைமிட்டாய் போடுகிற வீடுகள். அதைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் சால்டரிங் பேஸ்ட் கருகுகிற வாடை. அதுதான் கடை. எழுபதுகளின் கடைசி. ரேடியோ வைத்திருப்பவர்கள் தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம். முழுப் பரீட்சை லீவு விட்டதும் அம்மா என்னைப் பஸ் ஏற்றி ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். சாப்பிடவும் தூங்கவும்தான் ஆச்சி வீடு. மற்ற நேரமெல்லாம் மாமா கடை.

மூன்று சுவரிலும் பலகை அடித்துச் செத்த செட்டுகளை வரிசையாக வைத்திருப்பார். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், நேஷனல் எக்கோ. பின்மூடி இல்லாமல், வால்வுகள் தெரிய, சுவரைப் பார்த்தும் பார்க்காமலும் திரும்பி உட்கார்ந்திருக்கும். பிஸ்கட் டின்களில் ரெசிஸ்டன்ஸ், கண்டன்சர், பழைய செட்டிலிருந்து கழற்றிய திருகாணிகள். மேஜையின் இடது ஓரத்தில் நீள்வாட்டில் மடக்கிய ஒரு கணக்கு நோட்டு. அதில் கடன் கணக்கு இருக்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஆட்கள் செட்டைத் துண்டில் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல வருவார்கள். "பாட மாட்டேங்கு அண்ணாச்சி." மாமா வாங்கி மேஜையில் வைப்பார். திறக்கமாட்டார். கேள்விதான் கேட்பார். சட்டென்று நின்றதா, நாளுக்கு நாள் சத்தம் குறைந்து நின்றதா? நிற்பதற்கு முன்னால் கருகின வாடை வந்ததா? திருநெல்வேலி எடுத்து இலங்கை மட்டும் எடுக்கவில்லையா, இல்லை எல்லாமே போச்சா? கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றேதான்: "இதுல கடைசியா யாரு கை வச்சா?"

அதற்குத்தான் ஆட்கள் நெளிவார்கள். யாரும் கை வைக்கவில்லை என்று அடித்துச் சொன்னவர், மாமா பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தால், மச்சினன் ஐ.டி.ஐ. படிக்கிறான், சும்மா திறந்து பார்த்தான் என்பார். "என்னத்தத் திருகுனான்?" "ஒண்ணும் திருகல. மஞ்சளா செவப்பா திருகாணி மாதிரி இருந்துச்சாம், அதை மட்டும் இறுக்கிவிட்டானாம்." மாமா கண்ணை மூடிக்கொள்வார். அவை ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்களின் கோர்கள். 455 கிலோசைக்கிளில் நிற்கும்படி கம்பெனியில் வைத்து அனுப்பியது. லூஸாக இருக்கிறது என்று இறுக்கினால் செட்டு ஊமையாகிவிடும். நம் ஊர் மச்சினன்மார் அந்தக் காலத்தில் கெடுத்த ரேடியோக்களுக்குத் தனிக் கணக்கு எழுதலாம்.

செட்டுக்காரர் போன பிறகும் மாமா ஸ்குரூ டிரைவரை எடுக்கமாட்டார். ஒரு டீ சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்ப்பார். "எந்த வழி, மாப்ளே?"

எனக்கு அப்போது பத்து, பதினோரு வயது. செட்டைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும். எதற்கு இந்த மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று எரிச்சலாக வரும். பக்கத்துக் கடைக்காரர்கூடக் கேலி பண்ணுவார், "அண்ணாச்சி, செட்டு தானா சரியாயிருமா?" என்று. மாமாவைப் பொறுத்தவரை வேலை அங்கேயே ஆரம்பித்தாகிவிட்டது. எதைக் கழற்றுவது என்பதற்கு முன்னால் எப்படி யோசிப்பது என்று முடிவு பண்ணியாக வேண்டும். அதற்கு அவரிடம் சில வழிகள் இருந்தன, அவரே பெயர் வைத்தவை.

ஒரேயடியாகப் பாடாத செட்டு என்றால் பெரும்பாலும் 'பாதி வழி'. ஏரியலில் நுழைகிற அலை மிக்சருக்குப் போகும், ஐ.எஃப். கட்டங்களில் பெருகும், டிடெக்டரில் குரலாகப் பிரியும், ஆடியோ கட்டத்தில் பலம் ஏறி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கருக்கு வரும். எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. ஏரியலிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தால் பொழுது போய்விடும். மாமா வால்யூமை முழுக்கத் திருகிவைப்பார். டெஸ்டர் வைத்து சேஸிஸில் கரண்ட் நிற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வார். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி டிசி செட்டுகளில் பிளக்கை மாற்றிச் சொருகினால் சேஸிஸே ஆளைத் தூக்கிப் போடும். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். தப்பித்தவறி ஷாக் அடித்தாலும் ஒரு கையோடு போகும், இரண்டு கையும் உள்ளே இருந்தால் நெஞ்சு வழியாகப் பாயும். வலது கையில் சின்ன ஸ்குரூ டிரைவர். அதன் தண்டில் விரல் பட, முனையை வால்யூம் கன்ட்ரோலின் நடுப் பின்னில் வைப்பார்.

ஸ்பீக்கரில் 'உர்ர்' என்று உறுமினால் அங்கிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் உயிரோடு இருக்கிறது. அந்த அரை செட்டை இனிமேல் திரும்பிப் பார்க்க வேண்டாம். உறுமவில்லை என்றால் கோளாறு இந்தப் பக்கம், ஏரியல் பக்கத்தை மறந்துவிடலாம். ஒரே தொடலில் பாதி. மிச்சமிருக்கிற பாதியில் மறுபடி ஒரு நடு. மூன்று நான்கு தொடலில் ஆளைப் பிடித்துவிடுவார்.

ஒரு நாள் நான் கணக்குப் பார்த்துவிட்டு, "அது சரியான நடு இல்லையே மாமா, முன்னால நாலு கட்டம் இருக்கு, பின்னால ரெண்டுதான் இருக்கு" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "நடுவ அளந்தா பாக்கப் போறோம்? எதையும் கழட்டாம கைக்கு எட்டுற நடு இது." பிற்பாடு பெரிய இயந்திரங்களோடு பிழைப்பு நடத்தும்போது இதன் அருமை தெரிந்தது. பாதியாகப் பிரிப்பதைப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. எந்தச் சோதனைக்குச் செலவு குறைவோ அதை முதலில் செய் என்பதைக் கடைக்காரர்கள்தான் சொல்லித்தருவார்கள்.

ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு இதையே விளையாட்டாக ஆடுவோம். ஆயிரத்துக்குள் ஒரு எண்ணை நான் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லலாம். பத்துக் கேள்விக்குள் எண்ணைச் சொல்லிவிடுவார். மந்திரம் தெரியும் என்று நம்பினேன். ஐந்நூறுக்கு மேலா, எழுநூற்றைம்பதுக்கு மேலா என்று அவர் கேட்டுக்கொண்டே போவதைக் கவனிக்க எனக்கு ஒரு லீவு முழுக்கத் தேவைப்பட்டது. இரண்டைப் பத்துத் தடவை பெருக்கினால் 1024. ஆயிரம் அதற்குள் அடக்கம்.

அந்த மாடியில் ஆச்சியும் வந்து உட்காருவாள். அவளுடைய சரக்கு வேறு. "ஒருத்தன் கூடையில பூ கொண்டு போறான். மூணு கோயில். ஒவ்வொரு கோயிலுக்கு முன்னாலயும் ஒரு குளம். குளத்துல முக்குனா பூ ரெட்டிச்சுரும். கோயிலுக்குக் கோயில் ஒரே அளவு பூ போடுறான். மூணாவது கோயில்ல போட்டதும் கூடை காலி. எத்தன பூ கொண்டு போனான்?" நான் ஐந்து, ஆறு, பத்து என்று வாய்க்கு வந்ததைப் போட்டு முக்கி முக்கி எடுத்தேன். எதுவும் சரிப்படவில்லை. மாமா படுத்தபடியே கேட்டார், "எங்க நிக்கேன்னு உனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச இடம் எது?"

முதல் குளத்தங்கரையில் எத்தனை என்று தெரியாது. அதைத்தான் ஆச்சி கேட்கிறாள். நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கடைசியில் கூடை காலி. "அப்ப அங்கருந்து திரும்பி நட" என்றார். கோயிலுக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று தடவை பாதியாக்க வேண்டியிருக்கிறது, எட்டு என்றால் உடையாது. கடைசிக் கோயிலில் போட்டது எட்டு, குளத்துக்கு முன்னால் நாலு. அந்த நாலோடு இரண்டாம் கோயிலில் போட்ட எட்டைச் சேர்த்தால் பன்னிரண்டு, குளத்துக்கு முன்னால் ஆறு. ஆறும் எட்டும் பதினாலு, அதற்கு முன்னால் ஏழு. ஏழு பூ! நான் குதித்தேன். கொண்டு போனது பதினாலு, கோயிலுக்குப் பதினாறு என்றாலும் சரியாக வருமே என்று மாமா சொன்னதை மட்டும் ஆச்சி ஏற்கவே இல்லை. அவளுடைய ஆச்சி சொன்னது ஏழு. பதினாலு கொண்டு போனவன் வேறு எவனோ.

மாமாவின் அகராதியில் இது 'பின் வழி'. பாட்டு இரைகிறது, குரல் பிசிறுகிறது என்று வரும் செட்டுகளுக்கு இந்த வழியில் போவார். ஸ்பீக்கரில் இப்போது என்ன கேட்கிறது, அது இப்படிக் கேட்க வேண்டுமென்றால் அதற்கு முந்திய கட்டத்தில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் நடப்பார்.

'பார்த்த வழி' என்று ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு எச்சரிக்கை ஏறும். செட்டைப் போட்டதும் அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று ஓயாமல் முனகினால் ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துவிட்டது. வால்யூமைத் திருகும்போது கரகரவென்றால் கன்ட்ரோலில் தூசி. இதற்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம், எத்தனையோ பார்த்தாகிவிட்டது. கடையின் வரும்படியில் முக்கால்வாசி பார்த்த வழியில்தான் வந்தது. "வெரசா போற வழி இது" என்பார். "ஆளைக் கவுத்துறதும் இதுதான்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிப் படித்தபோது பார்த்தேன். மூன்று ஜாடிகள்; 21, 127, 3 அளவு தண்ணீர் பிடிக்கும். 100 அளவு வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து 21 ஒரு தடவையும் 3 இரண்டு தடவையும் எடுத்தால் 100. இதே சூத்திரத்தில் விடை வருகிற கணக்குகளாக வரிசையாகக் கொடுத்தார். ஆட்கள் பழகிவிட்டார்கள். பிறகு 23, 49, 3 ஜாடிகளைக் கொடுத்து 20 அளவு கேட்டார். 23இலிருந்து 3ஐ எடுத்தால் முடிந்தது. பழகியவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்கவில்லை. 49ஐ நிரப்பி, 23ஐ எடுத்து, 3ஐ இரண்டு தடவை எடுத்துச் சுற்றி வந்தார்கள். விடை சரிதான், அதுதான் வினை. முன்பழக்கம் இல்லாமல் அந்தக் கணக்கை முதன்முதலில் பார்த்தவர்கள் நேராகப் போனார்கள். நடுவில் சிலரிடம், கண்ணைத் திறந்து பார் என்கிற பொருளில் தாளில் ஒரு எச்சரிக்கையை எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதியவர்களில் சிலருக்கு நேர்வழி தெரிந்துவிட்டது. தாளில் ஒரு வரி எழுதுவதற்கு அவ்வளவு பலன் இருக்கிறதென்றால், டீ குடித்துக்கொண்டு எந்த வழி என்று கேட்டுக்கொள்வதற்கும் இருக்கத்தான் செய்யும்.

மாமாவின் இந்த வழிகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது தீப்பெட்டி ஆபீஸ் செட்டு. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தகரக் கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டை அடுக்குவார்கள், பெட்டி ஒட்டுவார்கள். அவர்களுக்காகக் கணக்கப்பிள்ளை ஒரு டிரான்சிஸ்டர் வாங்கித் தூணில் தொங்கவிட்டிருந்தார். இலங்கை வானொலி பாடினால் கை வேகமாக ஓடும் என்பது அவர் கணக்கு. அந்த செட்டு மத்தியானமானால் நின்றுவிடும். கடைக்குக் கொண்டுவந்தால் பாடும். சாயங்காலம் வரைக்கும் பாடும். கொண்டுபோய்த் தொங்கவிட்டால் மறுநாள் மத்தியானம் நின்றுவிடும். திரும்பத் திரும்ப வந்தது. "அங்க பிள்ளைக என்னயத் திட்டுது அண்ணாச்சி, நீரு பாட்டு கேக்கத்தான் செட்டக் கடையில வச்சுக்கிடுதீருன்னு சொல்லுது."

பாதி வழி அங்கே செல்லாது. பாடிக்கொண்டிருக்கிற செட்டில் எந்தப் பாதியைத் தள்ளுவது? பின் வழியும் செல்லாது. பார்த்த வழியில், பேட்டரி ஸ்பிரிங்கைச் சுரண்டி, சந்தேகமான பற்றுகளை எல்லாம் மறுபடி பற்றவைத்துப் பார்த்தாயிற்று. மாமா ஒரு நாள் சட்டென்று சால்டரிங் அயனை அணைத்து ஸ்டாண்டில் வைத்தார். "தப்பான கேள்வியப் போட்டு உருட்டிட்டு இருக்கோம்" என்றார். "இத எப்படிப் பாட வைக்கன்னு யோசிக்கோம். அது பாடத்தான செய்யுது? எப்படி நிப்பாட்டன்னு யோசி."

என்னைச் சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். செட்டை எடுத்துப்போகவில்லை, அது தொங்கின இடத்தைப் பார்க்கத்தான் போனார். வெயில் உச்சி. கொட்டகைக்குள் நுழைந்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தூணில் ஆணி அடித்திருந்த இடம் தகரத்துக்கு ஒரு முழம் கீழே. மாமா கையை உயர்த்தி அங்கே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். ரேடியோ இல்லாத ஆணியைத் தடவுகிறார் அண்ணாச்சி என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது.

கடைக்கு வந்ததும் ஓர் அட்டைப் பெட்டியில் நூறு வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு, செட்டின் முதுகைத் திறந்து உள்ளே வைத்து மூடினார். இலங்கையைப் பிடித்துவைத்திருந்தோம். பாடிக்கொண்டே இருந்தது. நான் நோட்டில் நேரம் குறித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அதில் கடன் கணக்கு இல்லை. ஒவ்வொரு செட்டுக்கும் என்ன சொன்னார்கள், எந்த வழியில் போனோம், எங்கே சிக்கி எங்கே வழி மாற்றினோம் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். சரியாக வராத வழிகளையும் அடிக்காமல் விட்டிருந்தார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் செட்டு நின்றது. மாமா கைதட்டினார். ஒரு ரிப்பேர்காரர் செட்டு நின்றதற்குக் கைதட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பல்பை அணைத்துத் தள்ளி வைத்தார். கம்பவுண்டரிடம் வாங்கிவைத்திருந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்தார். ஸ்பிரிட் ஆவியாகும்போது தொட்ட இடம் சில்லென்று ஆகும். முதல் டிரான்சிஸ்டரின் தலையில் பஞ்சை வைத்தார். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. மிக்சர் டிரான்சிஸ்டரின் தலையில் வைத்ததும், ஒரு வார்த்தையின் பாதியிலிருந்து இலங்கை அறிவிப்பாளர் பேச ஆரம்பித்தார், எதுவுமே நடக்காததுபோல. பஞ்சை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் குரல் போயிற்று. வைத்தார், வந்தது. என் கையில் பஞ்சைக் கொடுத்தார். நான் வைத்தேன். வந்தது.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். சூடு ஏற ஏற அதில் கசிவு மின்னோட்டம் கூடும். தரம் குறைந்த ஒன்றாக மாட்டினால் ஓர் அளவுக்கு மேல் ஆசிலேட்டர் ஓடாமல் நின்றுவிடும். சிலிக்கான் வந்தபிறகு இந்தத் தொந்தரவு பெரிதும் குறைந்தது. மாமா டிரான்சிஸ்டரை மாற்றினார். அதோடு, செட்டைத் தகரத்திலிருந்து இறக்கி மேஜையில் வைக்கும்படி கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினார். அது எந்த வழியில் சேரும் என்று தெரியவில்லை, நோட்டில் எழுதவும் இல்லை.

கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் போல்யாவின் புத்தகம் கையில் கிடைத்தபோது எனக்கு மாமாவின் நோட்டை யாரோ அச்சடித்துவிட்டதுபோல இருந்தது. புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். கணக்கைத் தீர்ப்பது எப்படி என்று 1945இல் எழுதினார். முதலில் கணக்கைப் புரிந்துகொள், திட்டம் போடு, அதன்படி செய், முடித்ததும் திரும்பிப் பார் என்று நாலு படி. விடையிலிருந்து பின்னோக்கி வா, முடியவில்லையா, இதைப்போல எளிதான வேறொன்றை முதலில் தீர்த்துப் பார் என்று உள்ளே ஏகப்பட்ட வழிகள். ஆச்சியின் பூக்கணக்கு அந்தப் புத்தகத்தில் இருந்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

ஆனால் ஒரு குறை எனக்கு அப்போதே தட்டுப்பட்டது. வழிகள் தெரிந்திருப்பது வேறு, எதை எப்போது எடுப்பது, எப்போது கீழே போடுவது என்பது வேறு. என் வகுப்பில் எல்லா வழியும் தெரிந்த பையன்கள் இருந்தார்கள். பரீட்சையில் தப்பான வழியில் இறங்கி, மணி அடிக்கிற வரை அதிலேயே உழுதுகொண்டிருப்பார்கள். கணிதக் கல்வி ஆய்வாளர் ஆலன் ஷோன்ஃபெல்ட் இதைத்தான் பிடித்தார். மாணவர்களுக்குப் பழக்கமில்லாத கணக்கைக் கொடுத்து, இருபது நிமிஷம் வீடியோ எடுத்துப் பார்த்தார். கணக்கைப் படித்ததும் மளமளவென்று ஒரு பாதையில் இறங்கி, அது எங்கே போகிறது என்று கேட்காமலேயே நேரம் தீரும்வரை போனவர்கள் ஏராளம். அதே மாதிரிக் கணக்கைக் கணிதப் பேராசிரியர் ஒருவரிடம் கொடுத்தார். வடிவகணிதத்தில் அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. எழுதியது குறைவு, யோசித்தது அதிகம். இது சரிப்படாது என்று பாதைகளை விட்டுவிட்டுக் கடைசியில் முடித்துவிட்டார். அதன்பிறகு வகுப்பில் ஷோன்ஃபெல்ட் சுற்றிவருவாராம். இப்போது என்ன செய்கிறாய், எதற்காகச் செய்கிறாய், அது கிடைத்தால் அதை வைத்து என்ன செய்வாய் என்று எந்த நேரமும் கேட்பார். முதலில் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். கேள்வி வரும் என்று தெரிந்ததும் தாங்களே கேட்டுக்கொள்ளப் பழகினார்கள்.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் சிறுவயதில் ரேடியோ ரிப்பேர் செய்த கதை 1985இல் வந்த அவருடைய நினைவுகளில் இருக்கிறது. போட்டதும் ஓலமிட்டு, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிப் பாடுகிற ஒரு செட்டு. அதைத் தொடாமல் அவர் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்க, செட்டுக்காரர் பொறுமையிழந்து சத்தம்போடுகிறார். வால்வுகள் சூடாகிற வரிசை மாறியிருந்தால் இப்படி ஆகுமே என்று தோன்ற, வால்வுகளை இடம் மாற்றிச் சொருகுகிறார், ஓலம் நின்றுவிடுகிறது. நோபல் பரிசு வாங்கியவர் செய்ததால் அது கதையாயிற்று. கோவில்பட்டியில் ஒருவர் இதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்துகொண்டிருந்தார். நடப்பதற்குக் கடையில் இடம் கிடையாது.

எண்பதுகளில் வெளிநாட்டுச் சரக்கு வர ஆரம்பித்தது. துபாயிலிருந்து வந்தவர் ஒருவர் ஜப்பான் டூ-இன்-ஒன் ஒன்றைக் கொண்டுவந்தார். ரேடியோ கணீரென்று பாடும். கேசட் போட்டால் பாட்டு அழுதது. சுருதி இறங்கி ஏறி, சௌந்தரராஜன் தள்ளாடினார். ரேடியோ நன்றாக இருப்பதால் ஆடியோ பக்கம் முழுக்கக் கழிந்தது, பாதி வழி. மிச்சம் டேப் ஓடுகிற பகுதி. மாமா பெல்ட்டை மாற்றினார். மோட்டாருக்கு எண்ணெய் விட்டார், சுழல்கிற எல்லாவற்றுக்கும் விட்டார். மோட்டார் வோல்டேஜ் பார்த்தார். அழுகை நிற்கவில்லை, கொஞ்சம் கூடியதாகக்கூட இருந்தது. வழிகளை ஒவ்வொன்றாக மாற்றிப்பார்த்து, ஒரு சனிக்கிழமை காலையில் செட்டைத் துண்டில் சுற்றினார். "வா மாப்ளே, மதுரைக்குப் போவோம்."

"எந்த வழி, மாமா?" என்றேன்.

"தெரிஞ்சவங்கிட்டப் போயிக் கேக்குற வழி. சாத்தூர் வழியா."

மாமா தொழில் கற்றுக்கொண்ட பெரியவர் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்தார். மாமா அங்கே போனதும் ஆளே சுருங்கிவிட்டார். செட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெரியவர் திறக்கவில்லை. எப்போதிருந்து, எல்லாக் கேசட்டிலுமா, ஆரம்பத்திலா கடைசியிலா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதுல கடைசியா யாருப்பா கை வச்சது?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. "நான்தாண்ணே."

"என்ன செஞ்சே?"

"பெல்ட் மாத்துனேன். எண்ணெய் விட்டேன்."

பெரியவர் கேசட் கதவைத் திறந்து, டேப்பைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கிற ரப்பர் ரோலரில் சுண்டுவிரலை வைத்து எடுத்து விளக்கில் காட்டினார். விரல் மினுங்கியது. பழைய பெல்ட் தளர்ந்ததால் வந்த அழுகையை மாமா அன்றைக்கே சரிபண்ணிவிட்டார். அதற்குப் பிறகு இந்த எண்ணெய் ரோலருக்கு இறங்கி, டேப்பை வழுக்க வைத்திருக்கிறது. இரண்டு கோளாறுக்கும் ஒரே சத்தம். பெரியவர் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து மாமாவிடமே நீட்டினார். மாமா ரோலரையும் தண்டையும் பஞ்சு வெள்ளையாக வருகிறவரை துடைத்தார். சௌந்தரராஜன் நிமிர்ந்து நின்று பாடினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். மாமா செட்டை மடியில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதப்பார்த்தார், குலுக்கலில் முடியவில்லை. மூடிப் பையில் வைத்துவிட்டு, "துபாய்க்காரர்ட்ட பெல்ட்டுக்கும் கூலிக்கும் மட்டும் வாங்குவோம். மதுரைக்கு வந்த பஸ் சார்ஜு நம்ம கணக்கு" என்றார். சாத்தூரில் பஸ் நின்றதும் இறங்கிப்போய் ஆச்சிக்குக் காராச்சேவு வாங்கிக்கொண்டு வந்தார்.